மணல் போகும் வழியை அடைத்தால்...

அரித்துப்போன கரையில் மணலைக் கொட்டி ஊரைக் காப்பாற்ற முடியுமா? முடியும் என்கின்றன சில ஊர்கள். ஆனால், அதற்கொரு நிபந்தனை இருக்கிறது.

டெங்கில் பட்டணத்தில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் லங்காட் ஆறு, செம்பனைத் தோட்டங்கள், பழைய ஈய லம்பக் குட்டைகள், சாலையில் போகும் மணல் லோரிகள். பந்திங் வழியாகப் போனால் ஒரு மணி நேரத்திற்குள் மோரிப் கடற்கரையை அடைந்துவிடலாம். இருந்தாலும் கடல் அரிப்பு என்றவுடன், அது மீனவர்களின் பிரச்சினை, கடலோரக் கம்பத்து மக்களின் பிரச்சினை என்றுதான் உள்நாட்டில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள்.

கடற்கரையில் கிடக்கும் மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்த நினைப்பு மாறிவிடும். மலையில் பாறை உடைந்து, மழைநீரில் உருண்டு, ஆற்றோடு பயணம் செய்து கடலுக்கு வந்து சேர்ந்த மணல்தான் பல கடற்கரைகளின் முதலீடு. உலு லங்காட்டில், நுவாங் மலைப் பக்கம் பிறக்கும் லங்காட் ஆறு காஜாங், டெங்கில், பந்திங் என்று இறங்கித்தான் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. ஆகவே, ஒரு கடற்கரையின் கதை கடலோரத்தில் தொடங்குவதில்லை. அது பல மைல் உள்ளே, ஆற்றங்கரை ஊர்களில் தொடங்குகிறது.

கரையோரம் ஓடும் மணல் ஆறு

அலைகள் கரையை நேருக்கு நேர் மோதுவது குறைவு. பெரும்பாலும் சற்றுச் சாய்வாகத்தான் வருகின்றன. சாய்வாக ஏறும் அலை மணலையும் சாய்வாகவே மேலே தள்ளுகிறது. திரும்பும் நீரோ சரிவின் வழியே நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணல் துகள் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்கிறது. இரவும் பகலும் இது நடப்பதால், கரையை ஒட்டி ஒரு மணல் ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது என்று சொல்லலாம்.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் இந்த ஓட்டம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் நடக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போகும் மணலே அதிகம். அது ஆண்டுக்குப் பல இலட்சம் கன மீட்டர் என்பது பொறியாளர்களின் கணிப்பு.

ஒரு கடற்கரையின் நிலையை மளிகைக் கடைக் கணக்கைப் போலப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒரு பக்கமிருந்து மணல் வருகிறது, மறுபக்கமாகப் போகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை கரை அப்படியே இருக்கும். வரவை யாராவது நிறுத்திவிட்டால் செலவு மட்டும் நிற்காது. அப்போது கடல் முதலில் கை வைப்பது சேமிப்பில், அதாவது கரையில். மணல் தீர்ந்த பிறகு சாலை, தென்னை மரம், வீடு என்று வரிசையாகப் போகும்.

மெரினா வளர்ந்தது, வடசென்னை தேய்ந்தது

சென்னைக்குச் சுற்றுலா போகும் மலேசியத் தமிழர்களில் மெரினாவைப் பார்க்காமல் திரும்புபவர் குறைவு. அந்த அகன்ற மணற்பரப்பு முழுவதும் இயற்கை தந்த கொடை என்று பலர் நினைக்கிறார்கள். அதைப் பெருக்கியது ஒரு துறைமுகம். 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை அந்தச் சுவர் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் துறைமுகத்தின் தென்புறத்தில் குவியக் குவிய மெரினா அகன்றது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து, மெரினா என்று பெயரும் வைத்தார்.

தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல். அது வராமல் போனதால் துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கமெல்லாம் கடல் உள்ளே புகுந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கிருந்த மீனவக் குப்பங்கள் நிலத்தை இழந்தன. கடைசியில் கரை நெடுகக் கருங்கற்களைக் குவித்துத்தான் சாலையையும் வீடுகளையும் காக்க வேண்டியதாயிற்று. ஒரே நகரத்தில் தென்பகுதிக்கு மாலை நேரக் காற்று வாங்க மணல் கிடைத்தது, வடபகுதிக்குக் கல் கிடைத்தது.

புதுச்சேரியில் நடந்தது

சென்னை தந்த பாடம் நூறாண்டுக்கு மேல் கண்ணெதிரே இருந்தும், புதுச்சேரியில் அதே தவறு மீண்டும் நடந்தது. அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் துறைமுகம் கட்டினார்கள். 1980-களின் இறுதியில், கடலுக்குள் நீளும் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்குச் சுவரின் பக்கத்தில் மணல் மலையாகக் குவிந்தது. வடக்கே காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம் இருக்கும் கடற்கரைச் சாலைக்கு முன்னால் இருந்த மணற்கரை சில ஆண்டுகளிலேயே காணாமல் போனது. சாலையைக் காப்பாற்றப் பெரிய பெரிய பாறைகளைக் கொட்டினார்கள். சுற்றுலாப் பயணிகள் கடற்கரைக்குப் போய்க் கல்லின் மேல் உட்கார்ந்து கடலைப் பார்க்கும் நிலை வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. துறைமுகத்தைத் திட்டமிட்டவர்களுக்கு இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. தெற்கே சேரும் மணலை எடுத்துக் குழாய் வழியாக வடக்கே அனுப்ப வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. சுவர் கட்டி முடிந்தது, மணலை அனுப்பும் வேலை மட்டும் ஒழுங்காகத் தொடரவில்லை.

கல் சுவர் ஓர் இடத்தைக் காக்கும். ஆனால், அதனால் ஒரு பிடி மணலைக்கூட உண்டாக்க முடியாது. சுவரில் மோதும் அலை அதன் அடியில் இருக்கும் மணலைத் தோண்டிக்கொண்டு போகும். சுவர் முடியும் இடத்திலிருந்து அடுத்த ஊரில் அரிப்பு தொடங்கும். புதுச்சேரியில் அப்படித்தான் வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் என்று ஆரம்பித்து, மாநில எல்லையைத் தாண்டித் தமிழகத்தின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை அரிப்பு வடக்கே நகர்ந்தது. வீடு இழந்தவர்கள் தங்கள் ஊருக்கும் ‘தூண்டில் வளைவு’ வேண்டும் என்று கேட்டார்கள். கடலுக்குள் நீளும் கற்கட்டைத் தமிழக மீனவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஓர் ஊரில் தூண்டில் வளைவு போட்டால் அதற்கு வடக்கே உள்ள ஊரில் அரிப்பு கூடும். பிறகு அந்த ஊரும் கேட்கும். இப்படித் துன்பம் கைமாறிக்கொண்டே போகிறது.

மீனவர்களுக்கு மணற்கரை என்பது வேலை செய்யும் இடம். படகை இழுத்து ஏற்றுவது, வலையை விரித்துப் பழுது பார்ப்பது, கருவாடு காய வைப்பது, மீனை ஏலம் விடுவது எல்லாம் அங்கேதான். கற்களைக் குவித்துவிட்டால் வீடு தப்பலாம், தொழில் தப்பாது. இதனால்தான் வெறும் கல் போதாது, மணல் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது.

இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இதற்கு ஒரு வழியை வகுத்தது. 2018-ஆம் ஆண்டில், ஆப்பு வடிவத்தில் செய்யப்பட்ட ஏறக்குறைய 900 டன் எடையுள்ள இரும்புக் கட்டமைப்பை மிதக்க வைத்து இழுத்துவந்து, கடற்கரைச் சாலைக்கு முன்னால் கடலடியில் அமிழ்த்தினார்கள். அது அலையின் வேகத்தைக் குறைக்கும் செயற்கைத் திட்டு. கூடவே துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலைக் கொண்டுவந்து அங்கே நிரப்பினார்கள். சில மாதங்களில் தலைமைச் செயலகத்திற்கு எதிரே மீண்டும் மணற்கரை தோன்றியது. ஒரு தலைமுறையாகப் பாறைகளை மட்டுமே பார்த்துவந்த ஊரில் பிள்ளைகள் மணலில் இறங்கி விளையாடினார்கள்.

மணல் எப்படி வெள்ளத்தைத் தடுக்கிறது?

கடலைத் தடுக்கக் கருங்கல்லே போதாதபோது மணல் என்ன செய்யும் என்ற சந்தேகம் நியாயமானதுதான். விடை அலையின் இயல்பில் இருக்கிறது. ஓர் அலையின் உயரம், அதன் கீழே இருக்கும் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை நெருங்கும்போது அலை உடைந்துவிடும். கரை அகலமாகவும் சரிவு மெதுவாகவும் இருந்தால், பெரிய அலைகள் தொலைவிலேயே தரை தட்டி உடைந்து, ஊரை எட்டும்போது வலுவிழந்துவிடும். மணல் இல்லாத இடத்தில் ஆழமான நீர் சுவர் வரைக்கும் வந்து நிற்கும். அப்போது அலை முழு வேகத்தோடு சுவரில் மோதி, மேலே எழும்பி, மறுபக்கம் விழும். புயல் நேரத்தில் வீட்டுக்குள் நீர் புகுவது இப்படித்தான்.

மணல் நிரப்புவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் அந்தக் கரையின் மணல் எவ்வளவு பருமனானது என்று பார்க்க வேண்டும். கொட்டும் மணல் அதே பருமனாகவோ சற்றுப் பெரிதாகவோ இருந்தால்தான் தங்கும். நுண்மணலைக் கொட்டினால் முதல் பருவமழையிலேயே அது கடலோடு போய்விடும். பிறகு, தூர்வாரும் கப்பல் கரைக்கு வெகு தூரத்தில், ஆழமான இடத்தில் மணலை உறிஞ்சிக்கொண்டு வரும். கரைக்குப் பக்கத்திலேயே தோண்டினால் அந்தப் பள்ளத்தை நிரப்பக் கரை மணலே சரிந்து இறங்கிவிடும் என்பதால்தான் அவ்வளவு தூரம் போகிறார்கள். கொண்டுவந்த மணலை நீரோடு கலந்து குழாய் வழியாகக் கரையில் பீய்ச்சுவார்கள். புல்டோசர்கள் அதைப் பரப்பிச் சீராக்கும்.

எவ்வளவு மணல் தேவைப்படும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு. ஒரு கிலோமீட்டர் நீளக் கரையை 30 மீட்டர் அகலப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடலுக்கு மேலே 2 மீட்டர், அலை மணலைப் புரட்டும் ஆழம் வரை கீழே 4 மீட்டர், ஆக மொத்தம் 6 மீட்டர் உயரத்திற்கு மணல் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 180,000 கன மீட்டர். ஒரு லோரிக்கு 10 கன மீட்டர் என்றால் 18,000 லோரிகள். அதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீருக்கு அடியில் இருக்கும், கண்ணில் படாது.

“கொட்டிய மணல் எங்கே?”

இந்தக் கடைசிக் கணக்கு புரியாததால்தான் பல இடங்களில் சர்ச்சை கிளம்புகிறது. இலங்கையில் 2020-ஆம் ஆண்டில் களுத்துறை, கல்கிசைக் கடற்கரைகளில் கடலிலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டினார்கள். சில வாரங்களிலேயே பெரும்பகுதி மணல் கண்ணுக்குத் தெரியாமல் போனது. மக்கள் பணம் கடலில் கொட்டப்பட்டதாகக் கண்டனம் எழுந்தது. புதிதாகக் கொட்டிய மணலில் ஒரு பகுதி கடலடிக்கு இறங்கி, சரிவை நிரப்பிய பிறகுதான் நிலைக்கு வரும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். அதே சமயம், பருவக்காற்று தொடங்கும் நேரத்தில் கொட்டினால் இழப்பு கூடும் என்பதும் தெரிந்ததே. மக்களிடம் முன்கூட்டியே இதைச் சொல்லாமல் வேலையைத் தொடங்கினால், நல்ல திட்டத்திற்கும் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

நம் நாட்டில் குவாந்தான் தெலுக் செம்பெடாக் கடற்கரையில் 2004-ஆம் ஆண்டு வாக்கில் மணல் நிரப்பும் வேலை நடந்தது. துளையிட்ட குழாய்களை மணலுக்குள் செங்குத்தாகப் புதைத்துக் கரையை உறுதிப்படுத்தும் முறையும் அங்கே சேர்த்துக் கையாளப்பட்டது. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவக்காற்று வந்து கரையைச் சோதிக்கிறது. அங்கே ஒரு முறை மணலைக் கொட்டிவிட்டு, இனி கவலையில்லை என்று போய்விட முடியாது. சாலைக்குத் தார் போடுவது போல, கூரைக்குச் சாயம் அடிப்பது போல, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் செய்ய வேண்டிய பராமரிப்பு வேலை இது.

நெதர்லாந்து இதை நன்றாக உணர்ந்த நாடு. நிலத்தின் கணிசமான பகுதி கடல் மட்டத்திற்குக் கீழே இருப்பதால், 1990-ஆம் ஆண்டு முதல் கரையை மணல் கொண்டே காப்பது அந்நாட்டின் கொள்கையானது. 2001-க்குப் பிறகு ஆண்டுக்குச் சராசரியாக 1 கோடியே 20 இலட்சம் கன மீட்டர் மணலை நிரப்பத் திட்டமிட்டுச் செயல்பட்டார்கள். 2011-இல் ஒரே இடத்தில் 2 கோடியே 15 இலட்சம் கன மீட்டர் மணலைத் தீபகற்பம் போலக் குவித்து, காற்றும் அலையுமே அதை அக்கம்பக்கக் கரைகளுக்குப் பரப்பட்டும் என்று விட்டார்கள். இதற்கெல்லாம் நிரந்தரமாகப் பணம் ஒதுக்கப்படுகிறது என்பதுதான் முக்கியம்.

நம் கரைகள்

மலேசியாவில் 1980-களின் நடுவில் தேசியக் கடற்கரை அரிப்பு ஆய்வு நடத்தப்பட்டது. நாட்டின் கரைநீளத்தில் ஏறக்குறைய 29 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதை அது காட்டியது. அதன் விளைவாக 1987-இல் வடிகால், நீர்ப்பாசன இலாகாவில் கடற்கரைப் பொறியியலுக்கென்று தனிப் பிரிவு அமைந்தது. கரையோரத் திட்டங்களை அங்கீகரிக்கும் முன் அந்த இலாகாவின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று அதே ஆண்டில் அரசாங்கச் சுற்றறிக்கையும் வந்தது.

இருந்தும் புதுச்சேரிக் கதை நம் மண்ணிலும் நடந்திருக்கிறது. கோலத் திரெங்கானுவில் சுல்தான் மாமுட் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடலுக்குள் நீட்டினார்கள். 2008-ஆம் ஆண்டில் நீண்ட ஓடுபாதை தயாரானது. கடலுக்குள் துருத்திக்கொண்டிருந்த அந்த மேடு மணலின் வழியை மறித்தது. அதற்கு வடக்கே தோக் ஜெம்பால் கடற்கரையில் அரிப்பு வேகம் பிடித்தது. கரையோரச் சாலையும் கட்டடங்களும் கடலுக்குப் பலியாகின. பிறகு அலைத்தடுப்புகள் கட்டப்பட்டன, அரிப்பும் அடுத்த கரைகளை நோக்கி நகர்ந்தது.

சிலாங்கூர் கரை வேறு மாதிரியானது. சுமத்ரா தீவு மறைப்பதால் மலாக்கா நீரிணையில் அலைகள் சிறியவை. ஆறுகள் கொண்டுவரும் சேறு படிந்து, பாக்காவ் மரங்கள் வளர்ந்த சதுப்புக் கரையே இங்கு அதிகம். மணற்கரை என்று சொல்லிக்கொள்ள மோரிப் போன்ற சில இடங்கள்தான் உண்டு. அங்கும் மணலுக்கு அடியில் சேறுதான். 1945 செப்டம்பர் 9-ஆம் நாள் பிரிட்டிஷ் படை மோரிப்பில் கரையிறங்கியபோது அதன் வாகனங்கள் பல புதைந்து நின்றது சரித்திரம். மணல் நிரப்ப முனைந்தால் இப்படிப்பட்ட தரை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இங்கு ஆபத்து வேறொரு வடிவத்தில் வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கிள்ளான் துறைமுகப் பகுதியில் கடல் ஏற்றம் 5 மீட்டரையும் தாண்டும். கேரித் தீவு போன்ற இடங்களில் தோட்டங்களின் பெரும்பகுதி உச்ச ஏற்ற மட்டத்திற்குத் தாழ்வாக இருக்கிறது. மண்கரைகளும் ஆற்று வாய்க்கால்களின் மதகுகளும்தான் கடலை வெளியே நிறுத்தி வைத்திருக்கின்றன. அந்தத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர்களுக்கு, மண்கரை உடைந்தால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரியும்.

மணல் நிரப்புவது கடல் ஏற்றத்தின் மட்டத்தைக் குறைக்காது. அது அலையின் அடியைத்தான் குறைக்கும். தாழ்வான சதுப்புக் கரையில் மண்கரையும் மதகும் அவசியம். அவற்றுக்கு முன்னால் நிற்கும் பாக்காவ் காடு, மணற்கரை செய்யும் வேலையைச் செய்கிறது. வேர்களுக்கு இடையே அலை வலுவிழக்கிறது, சேறு படிகிறது, மண்கரையின் அடி பாதுகாக்கப்படுகிறது. காட்டை அழித்துவிட்டால் அலை நேராக மண்கரையைக் கடிக்கத் தொடங்கும். சிலாங்கூரின் வடபகுதியில் சுங்கை ஹாஜி டோரானியில், கடலுக்குள் சிறிய அலைத்தடுப்பைக் கட்டி, அதன் மறைவில் சேறு சேர்ந்த பிறகு பாக்காவ் கன்றுகளை நட்டு ஆய்வு செய்தார்கள். வெறுமனே கன்றை நட்டால் அலை பிடுங்கிக்கொண்டு போய்விடும், முதலில் மண் தங்க வேண்டும் என்பதே அந்த முயற்சியின் அடிப்படை.

டெங்கிலுக்கு என்ன சம்பந்தம்?

மணற்கரையோ சதுப்புக் கரையோ, இரண்டுக்கும் தீனி ஆற்றிலிருந்துதான் வர வேண்டும். அணைகள் மணலை நிறுத்திவைக்கின்றன. ஆற்றில் தோண்டும்போது மணல் வெளியே போகிறது. உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி டன் மணலையும் சரளையையும் பயன்படுத்துவதாக ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் தெரிவித்தது. புத்ராஜெயா, சைபர்ஜெயா, கேஎல்ஐஏ என்று மாபெரும் கட்டுமானங்கள் எழுந்த வட்டாரத்தின் நடுவே இருக்கும் டெங்கில் மக்களுக்கு மணலின் விலையும் தேவையும் தெரியாததல்ல.

“ஆறுதான் எப்போதும் கலங்கலாக ஓடுகிறதே, மண் குறைவா என்ன?” என்று கேட்கலாம். கலங்கலில் வருவது நுண்ணிய களி. அது ஆற்றின் படுகையைத் தூர்க்கும், கழிமுகச் சதுப்பில் படியும். மணற்கரையைக் கட்டுவது பருமணல். காட்டை வெட்டினால் களி கூடுகிறது, ஆற்றைத் தோண்டினால் பருமணல் குறைகிறது. தோண்டிய இடத்தில் ஆற்றங்கரையும் சரிகிறது. ஆக, ஆற்றங்கரை ஊர்களுக்கும் கடலோர ஊர்களுக்கும் ஒரே காரணத்தால் பாதிப்பு வருகிறது.

வெள்ளமும் அப்படித்தான். 2021 டிசம்பரில் பெய்த பெருமழையில் கிள்ளான் பள்ளத்தாக்கே திணறியது. லங்காட் படுகையில் டெங்கில் வட்டாரமும் தப்பவில்லை. மேலே பெய்த மழை இறங்கிவரும் நேரமும் கடல் ஏறும் நேரமும் ஒன்றாகிவிட்டால், ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் வடியப் போக்கின்றித் தேங்கும். 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செண்டிமீட்டர் உயர்ந்திருப்பதாகப் பருவநிலை மாற்றத்திற்கான அனைத்துலகக் குழு கூறுகிறது. 2006-க்குப் பிறகு அது ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தை எட்டியது. கடல் ஒவ்வோர் அங்குலம் உயரும்போதும் ஆறு வடிய எடுத்துக்கொள்ளும் நேரம் கூடும்.

வழிவிடுவதே மலிவு

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களின் எல்லையில் ட்வீட் ஆறு கடலில் கலக்கிறது. படகுகள் போய்வர அங்கேயும் கற்சுவர் கட்டினார்கள். வடக்கே கோல்ட் கோஸ்ட் கடற்கரைகள் மெலிந்தன. இரு மாநிலங்களும் பேசி முடிவெடுத்து, 2001 முதல் நிரந்தரமான மணல் கடத்தும் நிலையத்தை இயக்குகின்றன. சுவரின் தென்புறம் சேரும் மணலை இயந்திரம் உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் போகும் குழாய் வழியாக வடபுறத்தில் விடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 5 இலட்சம் கன மீட்டர். அலை செய்துகொண்டிருந்த வேலையை மனிதன் பணம் கொடுத்துச் செய்கிறான். துறைமுகமும் இருக்கிறது, கடற்கரையும் இருக்கிறது.

புதுச்சேரியில் 1980-களில் காகிதத்தில் இருந்ததும் இதே யோசனைதான். அதை அன்றே ஒழுங்காகச் செய்திருந்தால் பின்னாளில் இரும்புத் திட்டுக்கும் பாறைகளுக்கும் செலவிட வேண்டி வந்திருக்காது. பொம்மையார்பாளையத்து மீனவர் வீடுகளும் அதே இடத்தில் இருந்திருக்கும். மணல் நிரப்புவது நல்ல மருந்து. ஆனால், மணலின் வழியை அடைத்த காரணத்தைத் தொடாமல் மணலை மட்டும் கொட்டினால், ஓட்டைப் பானையில் நீர் ஊற்றும் கதையாகிவிடும்.

கரையோரத்திலோ ஆற்றிலோ பெரிய திட்டம் ஒன்று வரும்போது பொதுமக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்தக் கட்டுமானம் மணலின் வழியை மறிக்குமா? மறித்தால், மறுபக்கத்திற்கு மணலைக் கொண்டுசேர்ப்பது யார், அதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? நிரப்பும் மணல் எங்கிருந்து தோண்டப்படும், தோண்டும் இடத்தில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும்? சுவர் முடியும் இடத்தில் யாருடைய வீடு இருக்கிறது?

பெரிய அளவிலான கடல் தூர்ப்புப் போன்ற திட்டங்களின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்து, கருத்துக் கேட்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அறிக்கை பார்வைக்கு வைக்கப்படும் நாள்களில் போய்ப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. குடியிருப்பாளர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் படித்த பிள்ளைகள் இரண்டு பேரை அனுப்பி, அதில் மணலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லலாம். எழுத்து மூலம் ஒரு கேள்வி கேட்கலாம். கட்டி முடித்த பிறகு கேட்டால் பதிலாகக் கருங்கல் மட்டுமே வரும் என்பதைப் புதுச்சேரியும் தோக் ஜெம்பாலும் காட்டிவிட்டன.